எனக்கும் மாலைக்கண்

சாச்சியின் மகள் எனக்கு ஆறு மாதம் இளையவள். அந்த ஆறு மாதத்தை நான் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன். அக்காவைச் சொல்வதுபோல் ‘ராத்தா’ என்று கூப்பிட்டு, ‘நீங்க’ என்று கதைத்தால்தான் வாய் திறப்பேன். எனக்கு அப்போது ஒன்பது வயது, அவளுக்கு எட்டரை. மூத்த பிள்ளைக்கு என்னவெல்லாம் சேர வேண்டுமோ அவையெல்லாம் அந்த ஆறு மாதத்தின் பேரில் எனக்குச் சேர வேண்டும் என்பது என் கட்சி. மீனில் பெரிய துண்டு, ஊஞ்சலில் முதல் ஆட்டம், பெருநாளைக்கு எடுக்கும் சீத்தைத் துணியில் பிடித்த நிறம். இதில் ஒன்று அவளுக்குப் போய்விட்டாலும் அன்று முழுக்க எனக்கு வயிறு எரியும்.

எங்கள் மருதமுனையில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேருவார். அதனால் உம்மாவும் அவருடைய தங்கையான சாச்சியும் ஒரே வளவில், நடுவில் ஒரு கிணற்றை வைத்துக்கொண்டு இரண்டு வீடுகளில் இருந்தார்கள். இரண்டு வீட்டிலும் தறி ஓடியது. அங்கே ஆணம் என்கிற குழம்பு கொதித்தால் இங்கே மணக்கும். பொறாமைக்காரிக்கு இதைவிட வாய்ப்பான வளவு கிடைக்காது. அவள் தட்டில் என்ன விழுகிறது என்பதை எங்கள் குசினி வாசலில் நின்றபடியே நான் பார்த்துக்கொள்வேன்.

ஐம்பத்தேழு மார்கழியில் அந்தப் பெருவெள்ளம் வந்தது. வயலெல்லாம் போனது. தறிக் குழிக்குள் தண்ணீர் நின்றது, தறியில் ஏற்றியிருந்த நூல் அழுகியது. வெள்ளம் வடிந்த கையோடு ஊருக்குள் சின்னமுத்துக் காய்ச்சல் வந்து பிள்ளைகளைப் படுக்கையில் போட்டது. எனக்கும் வந்தது, அவளுக்கும் வந்தது. எனக்கு ஒரு கிழமையில் மாறிவிட்டது. அவளுக்கும் மாறியது, ஆனால் அதன் பிறகு பொழுது பட்டால் கண் தெரியாமல் போனது. பகலில் என்னோடு சரிக்குச் சரி கெந்தி விளையாடுகிறவள், சூரியன் இறங்கியதும் இருந்த இடத்திலேயே இருந்துவிடுவாள். ஒரு நாள் தண்ணீர்ச் சட்டி என்று நினைத்துக் கொதிக்கிற ஆணச் சட்டிக்குள் கையை விட்டாள். அன்றைக்குத்தான் சாச்சிக்குப் பயம் பிடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதிக்கரி வந்து அவள் இமையை விரித்துப் பார்த்தார். மாலைக்கண் என்றார். ஒரு போத்தல் மீனெண்ணெய் கொடுத்து, தினமும் ஒரு கரண்டி, ஒரு போத்தல் ஒரு மாதத்துக்கு வரும், சுகமாகும் வரைக்கும் வாங்கிக் கொடுங்கள் என்றார். கீரை, பூசணி, பப்பாசிப்பழம், ஈரல் கிடைத்தால் ஈரல், இவற்றையும் கொடுக்கச் சொன்னார்.

“அசட்டையா விட்டுடாதேங்க. இப்ப இரவிலதான் தெரியேல்லை. கவனிக்காட்டிக் கறுத்தமுழியில வெள்ளை விழுந்திடும். பிறகு பகலும் இல்லை.”

அவர் இதைச் சொன்னபோது நான் அங்கேதான் நின்றேன். என் காதில் விழுந்தது ஈரல், பப்பாசிப்பழம் என்ற இரண்டு சொற்கள் மட்டுமே.

அப்போதிக்கரி அதோடு நிற்காமல் பள்ளிவாசலுக்கும் போய், இது ஒரு வீட்டுப் பிள்ளையின் நோவு மட்டும் இல்லை, வெள்ளத்துக்குப் பிறகு ஊர்ப் பிள்ளைகள் வெறும் சோறும் சம்பலுமாக இருக்கிறார்கள், எல்லாருமாகச் சேர்ந்து எதையாவது நடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எங்களில் தாய் வழியில் வருகிற கூட்டத்தைக் குடி என்போம். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் கதைப்பதற்கு ஒரு மரைக்கார் இருப்பார். எங்கள் குடி மரைக்கார் அந்தப் பேச்சைக் கையில் எடுத்தார். பள்ளிவாசலுக்குப் பின்னால் வயல் ஓரமாகச் சும்மா கிடந்த நிலத்தில் வெள்ளம் நல்ல வண்டலைக் கொண்டுவந்து போட்டிருந்தது. அதை ஆம்பிளைகள் கொத்திப் பாத்தி கட்டி, வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரித்தார்கள். பெண்கள் தலைமுக்காட்டை மறந்து குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய வேண்டுமே என்று சுற்றிவரக் கிடுகு வேலி அடைத்தார்கள். காலையில் ஆம்பிளைகள் உள்ளே. பின்னேர அஸர் தொழுகை முடிந்த பிறகு, பொழுது படும்போது சொல்லும் மஃரிபுப் பாங்கு வரைக்கும் பெண்களும் பிள்ளைகளும்.

கீரை, வெண்டி, பயற்றை, வத்தாளங்கொடி, வரம்பெல்லாம் பூசணி, வேலி ஓரம் அகத்தியும் முருங்கையும் என்று நட்டோம். தறி வீடுகளில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு மிஞ்சுகிற தண்ணீரை அதுவரை வீட்டுக்குப் பின்னால் கோடியில் ஊற்றுவதுதான் வழக்கம். இப்போது அதைக் குடத்தில் ஏந்தி வந்து பாத்திக்கு ஊற்றினார்கள். பிள்ளைகளின் கண்ணுக்கு என்று சொல்லித் தொடங்கிய தோட்டம் முதலில் பெண்களைத்தான் சுகப்படுத்தியது. வெள்ளத்துக்குப் பிறகு சிரிப்பே இல்லாமல் இருந்த உம்மா, அங்கே பக்கத்துப் பாத்திக்காரியோடு மண் கட்டியால் எறிந்து விளையாடியதை நான் பார்த்தேன். வீட்டுக்குள்ளேயே கிடந்து நோவு, நோவு என்று முனகிய பெண்கள் எல்லாம் அஸர் பாங்கு சொல்லும் முன்பே வாளியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் மரைக்கார் ஒரு சட்டம் வைத்திருந்தார். எந்தப் பாத்தியில் எது காய்த்தாலும் முதல் பறிப்பு, நோயாளிப் பிள்ளை உள்ள வீட்டுக்குப் போக வேண்டும். ஜும்ஆ முடிந்து இதைச் சொன்னாராம், எல்லாரும் ஓம் என்றார்களாம். என்னை யாரும் கேட்கவில்லை.

எங்கள் பாத்தி வரம்பில் நான் ஒரு பூசணி விதை போட்டேன். அது என் பூசணி. முளைத்த அன்றிலிருந்து பார்க்கப் போனேன், வண்டு பிடித்தேன், சாம்பல் தூவினேன். பிஞ்சு கைப்பிடி அளவு வந்ததும் எலுமிச்சை முள்ளால் அதன் தோலில் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறினேன். காய் பருக்கப் பருக்க எழுத்தும் பருத்தது. கடைசியில் என் உள்ளங்கையைவிடப் பெரிதாக, தழும்பு கட்டி, தூரத்திலிருந்தே வாசிக்கக்கூடியதாக இருந்தது. ஊர்ப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

நோன்பு தொடங்கி நாலைந்து நாள் இருக்கும். உம்மா அந்தப் பூசணியை அரிந்தெடுத்து, மடியில் வைத்துக்கொண்டு, நேரே சாச்சி வீட்டுக்குள் போனார்.

நான் கத்திய கத்து கிணற்றடி வரைக்கும் கேட்டிருக்கும். உம்மா திரும்பியும் பார்க்கவில்லை. அன்று சாச்சி வீட்டில் பூசணி ஆணம் மணத்தது. பொழுது படும் நேரம் சாச்சியின் மகள் கிணற்றுக் கட்டைத் தடவித் தடவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பீங்கான் தட்டு. அதில் என் எழுத்து இருந்த தோல் துண்டை மட்டும் முழுசாக அரிந்து வைத்திருந்தாள்.

“ராத்தா, ஒங்கட எழுத்து. எறிய மனமில்ல, எடுத்து வெச்ச.”

அவள் கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். பீங்கானைப் பிடுங்கி, தோலை ஆட்டுக்கு முன்னால் போட்டேன். ஆடு என் எழுத்தைத் தின்று முடிக்கும் வரைக்கும், என்ன சத்தம் அது என்று அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

அன்று நோன்பு திறந்த பிறகு உம்மாவிடம் கேட்டேன்: “எனக்கும் கண்ணு போனாத்தான் எனக்கும் தருவீங்களா?”

“வாயக் கழுவுடி! நோன்பு நாளையில கதைக்கிற கதையா இது?”

வாயைக் கழுவினேன். ஆனால் வாயிலிருந்து போனது மனதில் தங்கிவிட்டது. மூன்று நாள் யோசித்தேன். அவள் பொழுது பட்டால் எப்படிப் பார்ப்பாள், எப்படிக் கையை நீட்டுவாள், கதைக்கிறவரின் முகத்தைப் பார்க்காமல் தோளுக்கு மேலால் எப்படிப் பார்ப்பாள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பொறாமைக்காரி பார்க்கிற மாதிரி வேறு யாரும் ஒருவரைப் பார்ப்பதில்லை. நாலாம் நாள் மஃரிபு நேரம் முற்றத்தில் நேராக நடந்து போய், தண்ணீர் நிறைத்து வைத்திருந்த மண் குடத்தில் முட்டினேன். குடம் உடைந்தது. மற்ற நாளென்றால் முதுகு பழுத்திருக்கும். அன்று உம்மா அடிக்கவில்லை. என்னைக் கிட்ட இழுத்து, உள்ளங்கையில் எதையோ வைத்து முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இது என்ன மகள்?”

பேரீச்சம்பழம். அரை நோன்பு பிடித்திருந்த எனக்கு அதன் பளபளப்புக்கூடத் தெரிந்தது. உம்மாவின் தோளுக்கு மேலால் வேலியைப் பார்த்துக்கொண்டு, “எங்க உம்மா? என்னது?” என்றேன்.

பழம் கீழே விழ, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்காக நீண்ட கை. அதைக் கண்டு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்று வெட்கமாக இருக்கவில்லை.

உம்மாவும் சாச்சியும் கிணற்றடியில் நின்று கதைத்தார்கள். ஒரே நோவுதானே, ஒரே போத்தல்தானே, நோன்பு நாளில் இன்னொரு தரம் ஆஸ்பத்திரிக்கு அலைவானேன் என்று முடிவாயிற்று. அடுத்த நாளிலிருந்து என் பெயரும் நோயாளிப் பிள்ளைகளின் கணக்கில் சேர்ந்தது. தோட்டத்து முதல் பறிப்பில் எனக்கும் பங்கு வந்தது. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சிக் கடையிலிருந்து அவளுக்கென்று வந்த ஈரல் துண்டை சாச்சி இரண்டாக வெட்டினார். இரண்டில் பெரியதை அவள் தடவிப் பார்த்து, “இது ராத்தாக்கு” என்று என் பக்கம் தள்ளுவாள். நான் மறுக்கவில்லை. ஆறு மாத மூப்புக்குச் சேர வேண்டியது தாமதமாகவாவது சேருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மீனெண்ணெயைத்தான் நான் யோசித்திருக்கவில்லை. அந்த நாற்றம் கரண்டி வருமுன்பே வந்துவிடும். அவள் மூக்கைக்கூடப் பிடிக்காமல் விழுங்கிவிட்டு வாயைத் துடைப்பாள். நான் வாயில் வாங்கி, கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கிணற்றடிப் பப்பாசி மரத்தின் அடியில் போய்த் துப்புவேன். ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி. பதினேழாம் நோன்பன்று சாச்சி, நோன்புக்குச் சற்று முன் வாங்கிய போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“மாசம் முழுக்க வருமெண்டாரு. முடிஞ்சிற்றே.”

“பெருநாள் முடிய வாங்குவம்கா,” என்றார் உம்மா.

நடிப்பு நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. பொழுது பட்ட பிறகுதான் பிள்ளைகளுக்கு நோன்பு காலத்து விளையாட்டெல்லாம். நான் படியில் குந்திக்கொண்டு, எதிரே நடப்பதெல்லாம் நன்றாகத் தெரிய, தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை தோட்டத்திலிருந்து திரும்பி வரும் நேரம். மஃரிபுப் பாங்கு கேட்கப் போகிறது என்றதும் பெண்கள் நோன்பு திறக்க அவசர அவசரமாக முன்னால் போய்விடுவார்கள். மற்றப் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். நாங்கள் இரண்டு மாலைக்கண்களும் கையைக் கோர்த்துக்கொண்டு மெல்ல மெல்லப் பின்னால் வர வேண்டும். நான் வரும் வரைக்கும் அவள் தனியாகத்தான் வந்திருக்கிறாள்.

முதல் நாளே என் கையை இறுக்கிப் பிடித்து, “ஒங்களுக்கும் வந்ததே ராத்தா!” என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு நோய் வந்ததில் இவளுக்கு இவ்வளவு ஆனந்தமா என்று என் பல் கடிபட்டது. அவளோ பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி எனக்குக் கண் தெரியாமல் நடக்கப் பழக்கினாள். தோட்டத்து வேலிக் கடப்படியிலிருந்து வாய்க்கால் வரைக்கும் பதினேழு எட்டு, ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ண வேண்டும். வாய்க்காலில் போட்ட தென்னங்குற்றியில் வெறுங்காலை உரசிக்கொண்டு நடக்க வேண்டும். தறிச் சத்தம் இடப் பக்கம் கேட்டால் வீடு வந்துவிட்டது. நடுவில் ஒரு இடத்தில் யாரோ வீட்டுப் பூசணிக் கொடி வேலிக்குள்ளிருந்து வெளியே வந்து வழிக்குக் குறுக்கே கிடந்தது. அதில் கால் மாட்டி அவள் பல தடவை விழுந்திருக்கிறாள். முழங்கால் முழுக்கக் காயம். அவள் எண்ணிக்கொண்டு வருவாள், நான் அலுத்துக்கொண்டு வருவேன். இந்த வித்தையெல்லாம் எனக்கெதற்கு என்று உள்ளுக்குள் சிரிப்பேன்.

இருபத்தொன்பதாம் நோன்பு வந்தது. பிறை கண்டால் நாளைக்குப் பெருநாள். எங்கள் ஊருக்குக் கடல் கிழக்கே, பிறை தெரிவது வயல் பக்கம். அதனால் நோன்பு திறந்த கையோடு ஊரே பள்ளிவாசலுக்குப் பின்னால் திரண்டது. ஆம்பிளைகள் வேலிக்கு வெளியே வரம்பில். பெண்களும் பிள்ளைகளும் வேலிக்கு உள்ளே பாத்திகளுக்கு நடுவில். மேற்கே மேகம் கோடு கோடாகக் கிடந்தது. அந்தா, இந்தா என்று ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டினார்கள். ஒன்றும் இல்லை. அப்போதைய வழக்கத்தில் முதலில் பிறை கண்ட பிள்ளைக்கு வந்த மதிப்பு கொஞ்சநஞ்சமில்லை. பெருநாள் முழுக்க வீட்டுக்கு வீடு அந்தப் பிள்ளையின் பெயர்தான். அடுத்த பெருநாள் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

நான் சாச்சியின் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, என் வேஷத்துக்கு ஏற்றபடி தரையைப் பார்த்து நின்றேன். ஒரே ஒரு தடவைதான் கண்ணை உயர்த்தினேன். வேலி ஓரத்து அகத்திக்கு மேலே, மேகத்துக்கும் மேகத்துக்கும் இடையில், வெட்டிப் போட்ட நகத்துண்டு மாதிரி பிறை நின்றது.

ஊரில் வேறு யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் அதற்கு வடக்கே தேடிக்கொண்டிருந்தார்கள். என் எழுத்துப் போட்ட பூசணி அவளுக்குப் போயிற்று. இந்தப் பிறையாவது என் பெயரில் வர வேண்டாமா? மூச்சை இழுத்தேன். அது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவள் என் கையை விட்டாள். அவளுடைய கை மேலே வந்து என் மூக்கில் பட்டது, கன்னத்தில் தடவியது, பிறகு வாயைப் பொத்தியது.

“சத்தம் போடாதீங்க ராத்தா. சத்தம் போடாதீங்க.”

பாருங்கள், இவளுக்கு இதுவும் பொறுக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஈரலும் பழமும் போதாதென்று பிறையையும் நான் காணக்கூடாதாம். அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினேன்.

“அந்தா பிறை! அகத்திக்கு மேல! நான்தான் கண்ட! நான்தான் முதல்ல கண்ட!”

ஊரே திரும்பியது. பிறகு வரம்பிலிருந்து அல்லாஹு அக்பர் என்று தக்பீர் எழும்பியது. சின்னப் பிள்ளைகள் குதித்தார்கள். வேலிக்கு அப்பாலிருந்து மரைக்காரின் குரல் கேட்டது.

“மாஷா அல்லாஹ்! ஆரு புள்ள அது கண்ட?”

உள்ளேயிருந்து ஒரு பெண், யோசிக்காமல், “நம்மட மாலைக்கண் புள்ளதான்!” என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது.

அந்தச் சிரிப்பை நான் இப்போதும் கேட்பேன். வரம்பில் நின்ற ஆம்பிளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாத்திக்குள் நின்ற பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். கண் தெரியாதவள் கண்ட பிறைக்குச் சாட்சி செல்லுமா என்று யாரோ கேட்க, மரைக்கார், பிறைக்குச் செல்லும், ஈரலுக்குத்தான் செல்லாது என்றார். உம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னை அடிக்க ஈர்க்கிலை எடுத்தார். அந்தப் பெருநாள் முழுக்க வீட்டுக்கு வீடு என் பெயர்தான். நான் ஆசைப்பட்ட மாதிரி இல்லை, அவ்வளவுதான்.

சாச்சியின் மகளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. என் வாயைப் பொத்தப் பார்த்தவள் அவள்தானே. தோட்டத்தில் அவள் பக்கம் போகாமல், வேலை முடிந்ததும் மற்றப் பிள்ளைகளோடு முன்னால் ஓடிவிடுவேன்.

பெருநாள் கழிந்து இரண்டு கிழமை இருக்கும். அவளுடைய இடது கண் சிவந்து, தண்ணீர் வடிந்து, பகலிலும் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனது. அப்போதிக்கரி ஓடிவந்தார். எண்ணெய் ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று கேட்டார்.

“பாதி மாசத்தில முடிஞ்சிற்று ஐயா, இன்னும் வாங்கல்ல. ரெண்டு புள்ளைக்குக் குடுத்தம்,” என்றார் சாச்சி.

அவர் காலிப் போத்தலை எடுத்துப் பார்த்தார். உம்மா என்னைப் பார்த்தார், பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார். அன்றே அவளை பஸ்ஸில் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவள் வாப்பாவான சாச்சா என் தலையைத் தடவினார். உண்மையில் அவளுக்கு பஸ்ஸும் மட்டக்களப்பும், எனக்கு இதே கிணற்றடி என்றுதான் அழுதேன். அவள் ஆஸ்பத்திரியில் பாண் தின்றாளாம், தோடம்பழம் தின்றாளாம். வந்து சொன்னபோது அதற்கும் எரிந்தேன்.

வலது கண் நன்றாகச் சுகப்பட்டது. மாலைக்கண்ணும் போய்விட்டது. இடது கண்ணின் கறுப்பில் ஒரு சோற்றுப் பருக்கை அளவுக்கு வெள்ளை விழுந்து அப்படியே தங்கிவிட்டது. நான் துப்பிய அந்த எண்ணெய் அதைத் தடுத்திருக்குமா என்று பிற்காலத்தில் ஒரு கண் டாக்டரிடம் கேட்டேன். தடுத்திருக்கலாம், தடுக்காமலும் விட்டிருக்கலாம் என்றார். கிணற்றடிப் பப்பாசி மட்டும் அந்த வருஷம் வளவே காணாத காய் காய்த்தது.

பிறை கண்ட கதையை நான் வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். எண்ணெயை விட்டுவிட்டு, சிரிப்பை மட்டும் வைத்துச் சொல்வேன். கலியாண வீடுகளில் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். ‘இவளுக்குப் பொறாமை, நான் முதல்ல கண்டிருவன் எண்டு என்ட வாயப் பொத்தினவள்’ என்று அவளைக் காட்டி முடிப்பேன். அவளும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பாள். நாலைந்து வருஷத்துக்கு முன், அவளுடைய பேத்தியின் கலியாணத்துக்கு முதல் நாள், நாங்கள் இருவரும் கோடியில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலேயே சொன்னாள்.

“ராத்தா, நீங்க நடிக்கிறீங்க எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்.”

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

“அந்தப் பூசணிக் கொடி கிடந்த இடம் ஞாவகமா? அதுக்குக் கிட்ட வந்தா ஒங்கட கை மேல போகும். நீங்க காலத் தூக்குறீங்க எண்டு விளங்கிரும். ஒடன நானும் தூக்குவன். நீங்க வந்த நாளையிலிருந்து நான் ஒரு நாளும் விழல்ல.”

“தெரிஞ்சிக்கிட்டு ஏன்டி சொல்லல்ல? ஒன்ட எண்ணெய எல்லாம் எனக்கு ஊத்தினாங்களே?”

அவள் வெங்காயத்தை உரித்தபடியே இருந்தாள். “சொன்னா மஃரிபுக்கு என்னோட ஆரு வாற?” என்றாள்.

அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் எந்தக் கலியாண வீட்டிலும் சொன்னதில்லை. அந்த மாதம் முழுக்க எனக்குள் இருந்தது பொறாமை ஒன்றுதான். அதனால் அவள் கை என் முகத்தைத் தடவித் தடவி வாயைத் தேடி வந்தபோது, அதற்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டேன். என் பொய் வெளியே வந்துவிடப் போகிறதே என்று அவள் பயந்திருக்கிறாள். பெருநாளுக்கு மறுநாள் தோட்டம் முடிந்து நான் முன்னால் ஓடும்போது, பின்னால் அவள் எண்ணுவது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பதினேழு வரும் மட்டும் நின்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.